நலம் நாடும் கேள்விகள்: கோகோ மாத்திரை இதயத்தைக் காக்குமா?

கடந்த சில மாதங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் கோகோவைப் பற்றியவை மட்டும் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் மாத்திரை, இணையத்தில் விற்கும் பொடி டப்பா, 'டார்க் சாக்லேட் உடம்புக்கு நல்லது' என்று கைபேசியில் சுற்றிவரும் செய்தி என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் வந்திருக்கிறது. ஆகவே இந்த இதழில் வேறெதையும் தொடாமல், அந்தக் கட்டிலிருந்து எட்டுக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 66. ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் மகன் கோகோ சாறு அடங்கிய கேப்சூல் பாட்டில்கள் இரண்டு அனுப்பியிருக்கிறான். 'இதய நலத்துக்குத் துணைபுரியும்' என்று பாட்டிலில் அச்சிட்டிருக்கிறது. பெரிய ஆய்வொன்றில் நிரூபித்துவிட்டார்கள் என்கிறான். இதைச் சாப்பிட ஆரம்பித்தால் பிரஷர் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. குறைக்கக் கூடாது. பிரஷர் மாத்திரையின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. அதற்கும் இந்தப் பாட்டிலுக்கும் தொடர்பு இல்லை.

உங்கள் மகன் குறிப்பிடும் ஆய்வு அநேகமாக 'காஸ்மோஸ்' என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்ததாக இருக்கும். பாஸ்டன் நகரிலுள்ள பிரிகாம் மகளிர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் 60 வயதைக் கடந்த ஆண்களும் 65 வயதைக் கடந்த பெண்களுமாக 21,442 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நாள்தோறும் 500 மி.கி. கோகோ ஃபிளேவனால் (கோகோ விதையிலுள்ள துவர்ப்புச் சத்து) அடங்கிய கேப்சூலும், மறு பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல் இருக்கும், மருந்துச் சரக்கு எதுவும் இல்லாத வெற்று கேப்சூலும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், இதய இரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை, இதய நோயால் மரணம் போன்றவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கோகோ அந்த எண்ணிக்கையைக் குறைக்கிறதா என்பதே ஆய்வு தொடங்குமுன் அவர்கள் வகுத்துக்கொண்ட முதன்மைக் கேள்வி. கோகோ எடுத்தவர்களில் 410 பேருக்கும், வெற்று கேப்சூல் எடுத்தவர்களில் 456 பேருக்கும் இவற்றில் ஏதோவொன்று நேர்ந்தது. இரு தரப்பிலும் ஏறத்தாழ பத்தாயிரத்து எழுநூறு பேர் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நூறு பேரில் நான்கு பேர் என்ற அளவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே என்பது விளங்கும். 46 பேர் வித்தியாசம் என்பது தற்செயலாகவும் வரக்கூடியதே என்று புள்ளியியல் கணக்கு சொன்னது. அதாவது, முதன்மைக் கேள்விக்குக் கிடைத்த விடை 'நிரூபணமாகவில்லை' என்பதுதான்.

அப்படியிருக்க, 'நிரூபித்துவிட்டார்கள்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதே ஆய்வில் இதய நோய்களால் ஏற்பட்ட மரணங்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, கோகோ எடுத்தவர்களிடம் அது 27 சதவீதம் குறைவாக இருந்தது. இது இரண்டாம் நிலைக் கேள்விகளில் ஒன்றுக்குக் கிடைத்த விடை. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பல கேள்விகளை அடுக்கிக் கேட்கும்போது ஒன்றிரண்டுக்குத் தற்செயலாகவே சாதகமான விடை அமைந்துவிடுவது உண்டு என்பதால், இன்னோர் ஆய்வு இதையே முதன்மைக் கேள்வியாக வைத்து உறுதிசெய்யும் வரை இதை நம்பிக்கை தரும் குறிப்பாகவே கொள்ள வேண்டும் என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். விளம்பரம் எழுதுபவர்களோ முதல் எண்ணை விட்டுவிட்டு 27-ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கான பணத்தின் ஒரு பகுதியையும் கேப்சூல்களையும் கொடுத்தது சாக்லேட் தயாரிப்பாளரான மார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு என்பதையும், அந்த நிறுவனமே இத்தகைய கேப்சூல்களைச் சந்தையில் விற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனமும் அதற்கு நிதி அளித்தது. முதன்மை முடிவு சாதகமாக இல்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டதும் அதே ஆய்வுதான்.

இனி இரத்த அழுத்தம். 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, கோகோவை வைத்து நடந்த 35 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 1,800 பேர் பங்கேற்றிருந்தார்கள். பெரும்பாலும் சில வாரங்களே நடந்த சோதனைகள். இரத்த அழுத்தத்தில் சராசரியாகக் கிடைத்த குறைவு 2 மி.மீ.-க்கும் சற்றுக் கீழ். நீங்கள் விழுங்கும் சாதாரண பிரஷர் மாத்திரை ஒன்று வழக்கமான அளவில் மேல் அழுத்தத்தைச் சுமார் 9 மி.மீ. குறைக்கும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அன்றாடம் தட்டில் விழும் வீட்டில், அவற்றைக் குறைத்தாலே கோகோ தருவதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

மகன் அன்போடு அனுப்பியதைக் குப்பையில் போடச் சொல்ல மாட்டேன். மேற்சொன்ன ஆய்வில் அந்த அளவு கோகோவால் குறிப்பிடத்தக்க தீங்கு எதுவும் காணப்படவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பாட்டிலைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை ஏதேனும் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏனெனில் கோகோ ஃபிளேவனாலுக்கும் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைச் சற்றுத் தணிக்கும் தன்மை உண்டு.

கேள்வி: கேப்சூலுக்கு அவ்வளவு விலை கொடுப்பானேன்? மளிகைக் கடையில் கிடைக்கும் கோகோப் பொடியைப் பாலில் கலந்து குடித்தால் அதே பலன் கிடைக்காதா? ஃபிளேவனால் என்பதுதான் என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நியாயமான கேள்வி; ஆனால் விடை நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், ஊடுபயிராக நின்ற கோகோ மரத்திலிருந்து ஒரு காயைப் பறித்துத் தோட்டக்காரர் என் எதிரிலேயே உடைத்துக் காட்டினார். உள்ளே சீத்தாப்பழச் சுளை போல வெள்ளைச் சதை. வாயில் போட்டால் புளிப்பும் இனிப்புமாக இருந்தது. அந்தச் சதைக்குள் இருந்த விதையைக் கத்தியால் குறுக்கே வெட்டியபோது நாவற்பழக் கறை போன்ற ஊதா நிறம் தெரிந்தது. அதைக் கடித்துப் பார்த்தேன். சாக்லேட் வாசனை சிறிதும் இல்லை. மாங்கொட்டைப் பருப்பைக் கடித்தது போலக் கசப்பும் துவர்ப்பும் நாக்கை இழுத்துப் பிடித்தன. அந்தத் துவர்ப்பில் பெரும்பங்கு ஃபிளேவனால்களுடையது. தேநீரின் துவர்ப்பும் ஆப்பிள் தோலின் துவர்ப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோகோவில் உள்ளவற்றில் எபிகேட்டச்சின் என்பது முக்கியமானது. அது இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பதற்குத் துணைசெய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் கையின் இரத்தக் குழாய் விரிவதை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்தே காட்டியிருக்கிறார்கள். இந்த அளவில் அறிவியல் உறுதியானது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், அந்தத் துவர்ப்பைப் போக்குவதற்காகவே மனிதன் கோகோவைப் பதப்படுத்துகிறான். விதைகளைச் சதையோடு குவித்து வாழையிலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். ஊதா நிறம் மறைந்து பழுப்பாகிறது. பின்பு வெயிலில் காய வைத்து வறுக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் சுவை கூடுகிறது, ஃபிளேவனால் குறைகிறது. இதற்கெல்லாம் மேலாக, 19-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் புகழ்பெறச் செய்த முறை ஒன்று உண்டு. கோகோவைக் காரத்தோடு (மிளகாய்க் காரம் அன்று, அமிலத்தை முறிக்கும் அல்கலி) சேர்த்துப் பக்குவப்படுத்தினால் புளிப்பு அடங்கி, நிறம் கறுத்து, பாலில் கட்டி தட்டாமல் கரையும். நம் கடைகளில் கிடைக்கும் பொடிகளில் பல இவ்வாறு காரம் ஏற்றியவையே. பொட்டலத்தின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலில் அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு 501, 500 போன்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது காரம் ஏற்றிய பொடி.

அதனால் என்ன நட்டம் என்று அமெரிக்கச் சாக்லேட் தயாரிப்பாளரான ஹெர்ஷி நிறுவன ஆய்வாளர்கள் 2008-ல் அளந்தார்கள். காரம் ஏற்றாத பொடியில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 34.6 மி.கி. ஃபிளேவனால் இருந்தது, லேசாகக் காரம் ஏற்றியதில் 13.8, நடுத்தரமாக ஏற்றியதில் 7.8, நன்றாக ஏற்றியதில் 3.9 மட்டுமே. ஆய்வில் கொடுத்த 500 மி.கி. வேண்டுமானால், காரம் ஏற்றாத பொடியில் தோராயமாக 15 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி போதும். நன்றாகக் காரம் ஏற்றிய கறுப்புப் பொடியில் ஐம்பது தேக்கரண்டி வேண்டும். அதைக் குடிக்கத்தக்கதாக்க எவ்வளவு சர்க்கரை போட வேண்டியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். 'சாக்லேட் சுவை' என்று எழுதிய மால்ட் பானங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அவற்றில் கோகோ பெயரளவுக்குத்தான் இருக்கும்.

டார்க் சாக்லேட்டும் இதே கதைதான். '70 சதவீதம் கோகோ' என்ற அச்சு, அதில் எத்தனை கோகோ இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அந்தக் கோகோவில் ஃபிளேவனால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லாது. மீதியில் சர்க்கரையும் உண்டு.

போகிற போக்கில் ஒன்று. குழந்தைகளுக்கு வாழைப்பழமும் கோகோவும் சேர்த்து மில்க் ஷேக் அடித்துக் கொடுக்கும் தாய்மார்கள் பலர். நறுக்கிய வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் நொதி ஃபிளேவனாலையும் சிதைத்துவிடும். 2023-ல் வெளியான சிறிய ஆய்வொன்றில், வாழைப்பழம் அடித்த பானத்தோடு ஃபிளேவனால் எடுத்தவர்களின் இரத்தத்தில் அது 84 சதவீதம் குறைவாகவே சேர்ந்தது. சுவைக்காக என்றால் தாராளமாக அடித்துக் கொடுக்கலாம்; கோகோவின் சத்துக்காக என்றால் வாழைப்பழத்தைத் தனியே கொடுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 72 வயது. சமீப காலமாக மறதி தெரிகிறது. அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார். கோகோ மாத்திரை ஞாபக சக்தியைக் கூட்டும் என்று ஒரு காணொளியில் கேட்டேன். வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: மாத்திரைக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, சில மருந்துகளின் பக்கவிளைவு, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவை எல்லாம் மறதி போலத் தோன்றக்கூடியவை. பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவையும்கூட. மாத்திரை வாங்கிக் கொடுத்து ஆறு மாதம் காத்திருப்பதில் பணத்தைவிட அந்த ஆறு மாதம்தான் பெரிய இழப்பு.

காணொளியில் சொன்னதற்கு அடிப்படை முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் பதிலில் சொன்ன காஸ்மோஸ் ஆய்வின் கிளைகளில் ஒன்றில் 2,262 முதியவர்களிடம் தொலைபேசி வழியாக ஆண்டுதோறும் நினைவாற்றலைச் சோதித்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் கோகோ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தச் சோதனையில் சற்றே பலன் காட்டியது, உடன் ஆராயப்பட்ட சாதாரண மல்டிவைட்டமின் மாத்திரைதான். இணையம் வழியாக 3,562 பேரிடம் நடத்திய மற்றொரு கிளையிலும் மொத்தத்தில் கோகோவுக்குப் பலன் தெரியவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே மட்டமான உணவுப் பழக்கமும் குறைந்த ஃபிளேவனால் உட்கொள்ளலும் இருந்தவர்களிடம் மட்டும் நினைவாற்றல் சற்று மேம்பட்டது. காணொளிக்காரர் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வரியை.

இதை வேறு விதமாகவும் படிக்கலாம் அல்லவா? குறைவாக இருந்தவர்களுக்கு நிரப்பினால் பயன். நிறைந்திருப்பவர்களுக்கு மேலும் ஊற்றிப் பயனில்லை. ஃபிளேவனால் கோகோவில் மட்டும் இருப்பதில்லை. காலையும் மாலையும் தேநீர் அருந்தி, ஆப்பிளோ திராட்சையோ அவ்வப்போது சாப்பிடுபவருக்கு அது ஓரளவு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் தாயார் பல் வலியாலோ தனிமையாலோ சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, ரசஞ்சாதத்தோடு நிறுத்திக்கொள்பவராக இருந்தால், அதைக் கவனிப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: 'கோகோ சாறு சர்க்கரை நோயை அடியோடு போக்கும், தொப்பையைக் கரைக்கும்' என்று கைபேசியில் ஒரு விளம்பரம் ஓயாமல் வருகிறது. உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அதோடு, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. உணவுப்பொருள் என்ற பெயரில் விற்றால், நோயைத் தீர்க்கும் என்று சொல்ல உணவுப் பாதுகாப்பு விதிகளும் இடம் தரவில்லை. ஆகவே அந்த விளம்பரம் எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் தவறுதான்.

காஸ்மோஸ் ஆய்வில் கோகோ எடுத்தவர்களுக்குப் புதிதாக நீரிழிவு வருவது குறையவில்லை என்று 2023-ல் அறிவித்தார்கள். 2024 இறுதியில் அமெரிக்க மருத்துவப் பணியாளர்களின் பல்லாண்டு உணவுப் பதிவுகளை ஆராய்ந்த இன்னோர் அறிக்கை, வாரத்துக்கு ஐந்து முறையேனும் டார்க் சாக்லேட் சாப்பிடுபவர்களுக்கு நீரிழிவு 21 சதவீதம் குறைவாக வந்ததாகச் சொன்னது. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. ஆனால் டார்க் சாக்லேட்டைத் தேடிச் சாப்பிடுபவர்கள் பொதுவாகவே வாயைக் கட்டுபவர்களாகவும் நடைப்பயிற்சி செய்பவர்களாகவும் இருந்திருக்கலாம். பதிவுகளைப் பார்த்து மட்டும் எது காரணம், எது உடன்வந்தது என்று பிரிப்பது கடினம். அதே அறிக்கையில் பால் சாக்லேட்டுக்கு அந்தப் பலன் இல்லை. உடல் எடை கூடியதுதான் கண்ட மிச்சம்.

தொப்பையைப் பற்றி ஒரு சுவையான வரலாறு உண்டு. 2015-ல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், ஊடகங்கள் எவ்வளவு எளிதில் ஏமாறும் என்று பார்ப்பதற்காகவே, 16 பேரை வைத்து மூன்று வாரச் சோதனை ஒன்றை நடத்தி, பதினெட்டு விதமான அளவுகளை எடுத்து, அவற்றில் தற்செயலாகச் சாதகமாக அமைந்ததைப் பிடித்துக்கொண்டு, 'சாக்லேட் எடையைக் குறைக்கும்' என்ற ஆய்வுக்கட்டுரையைக் காசு கட்டி வெளியிட்டார். பல நாட்டுப் பத்திரிகைகள் சரிபார்க்காமல் அதை அச்சிட்டன. அவரே முன்வந்து அத்தனையும் சோதனைக்காகச் செய்த வேலை என்று அறிவித்தார். அறிவிப்பு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தொப்பை கரையும் செய்தி உங்கள் கைபேசிக்கு வந்துகொண்டிருக்கிறது, பார்த்தீர்களா!

கேள்வி: சரி, எல்லாம் தெரிந்தே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பாட்டிலில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? டார்க் சாக்லேட்டில் ஈயம் இருப்பதாகப் படித்தேனே, அது மாத்திரையிலும் இருக்குமா?
– வாசகி, சென்னை

பதில்: பெரிய எழுத்தில் '1000 மி.கி. கோகோ சாறு' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சாறு எவ்வளவு என்பது முக்கியமில்லை. அந்தச் சாற்றில் ஃபிளேவனால் எத்தனை மி.கி. என்பதே முக்கியம். வாழைக்காய் எத்தனை கிலோ என்று கேட்டால் தாரோடு சேர்த்து எடை சொல்வது போன்ற தந்திரம் அது. ஃபிளேவனால் அளவைத் தனியே அச்சிடாத பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அச்சிட்டிருந்தால், அது ஒரு கேப்சூலுக்கா, நாளொன்றுக்குச் சொன்ன இரண்டு மூன்று கேப்சூல்களுக்குச் சேர்த்தா என்பதையும் பாருங்கள்; ஒரு மாதச் செலவு அதைப் பொறுத்தது.

அளவுக்கு ஓர் அடையாளம் வேண்டுமானால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் ஏற்றுக்கொண்டது நாளொன்றுக்கு 200 மி.கி. கோகோ ஃபிளேவனால். அந்த அளவுக்கு அவர்கள் அனுமதித்த வாசகமும் அடக்கமானது: இரத்தக் குழாய்களின் நெகிழ்வைப் பேண உதவும், அதனால் இயல்பான இரத்த ஓட்டத்துக்குத் துணைபுரியும் என்பதே. நோயைத் தடுக்கும் என்ற சொல் அதில் இல்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 பிப்ரவரியில், ஃபிளேவனால் 4 சதவீதமேனும் உள்ள தனி வகைக் கோகோப் பொடிக்கு மட்டும் இதய நோய் அபாயத்தைப் பற்றிப் பேச அனுமதித்தது. அதுவும் 'மிக மிகக் குறைந்த அறிவியல் சான்றே உள்ளது' என்ற பொருள்படும் சொற்களையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சாதாரணக் கோகோப் பொடிக்கும் சாக்லேட்டுக்கும் அந்த அனுமதி பொருந்தாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தியாவில் விற்பதானால், எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும்.

ஈயத்தைப் பற்றிய கவலை வீண் கவலை அன்று. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட் கட்டிகளைச் சோதித்தது. எல்லாவற்றிலும் ஈயமும், அதைப் போலவே நச்சு உலோகமான காட்மியமும் இருந்தன. அவற்றில் 23 கட்டிகளை நாளொன்றுக்கு 28 கிராம் சாப்பிட்டாலே, கலிபோர்னியா மாநிலம் வகுத்த கடுமையான வரம்பை ஏதேனும் ஓர் உலோகத்தில் தாண்டிவிடும் என்று கண்டது. இவ்விரண்டும் கோகோவில் சேரும் வழி வேறுவேறு. காட்மியத்தை மரம் மண்ணிலிருந்து வேர் வழியாக உறிஞ்சுகிறது. தென்னமெரிக்காவின் சில பகுதி மண்ணில் அது அதிகம். ஈயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பின், விதைகளைத் தரையிலும் சாலையோரத்திலும் காயப்போடும்போது தூசியோடு தோலில் ஒட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் கோகோப் பொடியில் காட்மியம் கிலோவுக்கு 0.60 மி.கி.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பிட்டிருக்கிறது. சாறாக எடுத்த கேப்சூலில் உலோகம் குறைந்திருக்கவும் கூடும், இருக்கவும் கூடும். தயாரிப்பு முறையைப் பொறுத்தது. உங்கள் பாட்டிலின் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு, அதற்குரிய உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். நல்ல தயாரிப்பாளர் தயங்காமல் அனுப்புவார். 'எங்கள் பொருள் முற்றிலும் இயற்கையானது' என்று மட்டும் பதில் வந்தால், ஈயமும் இயற்கையானதுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். கோகோவிலும் இரும்பு இருப்பதாகச் சொல்லி நாத்தனார் கோகோ மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறார்.
– வாசகி, தருமபுரி

பதில்: வேண்டாம். கோகோவில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அதே கோகோவிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தேநீரும் காபியும் செய்வதையே அதுவும் செய்யும். நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் நிலையில், இலவசமாகக் கிடைக்கும் நல்ல மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கும் மாத்திரையால் கெடுத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்ப காலத்தில் கஃபீனையும் கணக்கில் வைக்க வேண்டும். கோகோவிலும் சிறிது உண்டு. ஆசைக்கு ஒரு துண்டு சாக்லேட் சாப்பிடுவதைத் தடுக்கவில்லை. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

சிறுநீரகக் கல் வந்தவர்களும் (கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் கோகோவில் மிகுதி), நெஞ்செரிச்சல் உள்ளவர்களும், சாக்லேட் சாப்பிட்டால் ஒற்றைத் தலைவலி வரும் என்று அனுபவத்தில் கண்டவர்களும் இந்த மாத்திரைகள் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

கேள்வி: பொள்ளாச்சி அருகே ஆறு ஏக்கர் தென்னையில் கோகோ ஊடுபயிர் வைத்திருக்கிறேன். புளிக்க வைக்காத விதையில் ஃபிளேவனால் அதிகம் என்கிறார்கள். நானே காயவைத்துப் பொடித்து, 'இதயம் காக்கும் கோகோ' என்று பெயரிட்டு விற்கலாம் என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தொழில் யோசனை நல்லதுதான், பெயரைத் தவிர. 2024-ல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியதையும் பின்பு சரிந்ததையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். விதையாக மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் நாமும் சேர்ந்து ஆட வேண்டியதுதான். ஆனால் 'இதயம் காக்கும்' என்ற பெயரே நோய் பற்றிய வாக்குறுதியாகிவிடும். விளம்பரங்களும் உரிமைகோரல்களும் பற்றிய எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018-ஆம் ஆண்டு விதிகள் 2019 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன; சான்று காட்ட முடியாத எதையும் உறையில் அச்சிட முடியாது.

புளிக்க வைக்காத விதையில் ஃபிளேவனால் அதிகம் என்பது சரி. குடிப்பதற்கு எப்படி இருக்கும் என்பதை இரண்டாம் பதிலில் எழுதியிருக்கிறேன், நாக்கு மறக்கவில்லை. மேலும், புளிக்கும்போது ஏறும் சூடும் அமிலமும், பின்பு வறுக்கும் சூடும் சேர்ந்தே கிருமிகளை ஓரளவு அடக்குகின்றன. புளிக்க வைப்பதையும் வறுப்பதையும் இரண்டையும் கைவிட்டால், பொடியின் தூய்மைக்கு நீங்கள் தனியே பொறுப்பேற்க வேண்டும். ஒரு நடுவழி இருக்கிறது. குறைவாகப் புளிக்க வைத்து, மிதமாக வறுத்து, காரம் ஏற்றாமல் பொடித்து, ஃபிளேவனால் எவ்வளவு என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அந்த எண்ணை மட்டும் உறையில் அச்சிடுங்கள். 'இதயம் காக்கும்' என்பதைவிட அந்த எண்ணைத் தேடி வாங்குபவர்கள் இப்போது இருக்கிறார்கள். விதையைத் தார்ச்சாலை ஓரத்தில் காயப்போடாமல், உயரமான மேடையிலோ சூரிய உலர்த்தியிலோ காய வையுங்கள். முன்பு சொன்ன ஈயத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். பொடிக்கு முந்தைய இந்த வேலைகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்களுக்குக் கோவை வரை போகும் தூரம்தான்.

கேள்வி: எங்கள் வீட்டு நாய் மேசையிலிருந்த கோகோ கேப்சூல் டப்பாவைக் கடித்துக் குதறிவிட்டது. எத்தனை விழுங்கியது என்று தெரியவில்லை. இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இனி என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: இந்தக் கடிதத்துக்கு அஞ்சலில் அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். கோகோவிலுள்ள, கஃபீனுக்கு உறவான தியோபுரோமின் என்ற பொருளை மனித உடல் ஒப்பளவில் விரைவாகக் கழித்துவிடும். நாயின் உடலில் அது நெடுநேரம் தங்கும். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 மி.கி. சேர்ந்தாலே வாந்தி, பரபரப்பு தொடங்கலாம். அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி வலிப்பும் வரலாம். அறிகுறி தெரிய சில மணி நேரம் ஆகும் என்பதால் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று காத்திருக்கக் கூடாது. எஞ்சிய கேப்சூல்களை எண்ணி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாயின் எடையும் டப்பாவில் எழுதியிருக்கும் அளவும் தெரிந்தால் அவர் மீதிக் கணக்கைப் போட்டுக்கொள்வார்.